வற்றிய அருவியின் இரைச்சல்

ஏழாம் அத்தியாயம்

"புள்ளைக்குக் காது இரையுதாவே?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆறுமுகநயினார் கேட்டது இதைத்தான். காய்ச்சல் எப்படி இருக்கிறது, கஞ்சி குடித்தாளா என்று மனிதர்கள் கேட்கிற கேள்வியெல்லாம் அவருக்கு வராது. ஒரு காலத்தில் புளியரைச் சாவடியில் ஏட்டாக இருந்தவர். மேலதிகாரியின் மைத்துனனையே கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தார். அதற்குப் பரிசாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதன் பிறகு தென்காசியில் காணாமல் போன மாட்டிலிருந்து காணாமல் போன மாப்பிள்ளை வரைக்கும் தேடித் தருகிறவர் அவர்தான். 'துப்பு நயினார்' என்று ஊரே சொல்லும். அவருக்குத் துணையாகப் போய்வருகிறவன் பரீது. நூலுக்குக் கண்ட்ரோல் வந்து தறி நின்றுபோன நெசவாளி. தறி நின்றதே தவிர வாய் நிற்கவில்லை.

"காது இரையலை அண்ணாச்சி. வயிறுதான் இரையுது. ரேஷன் அரிசி அதுக்குத்தான் காணும்" என்றான் பரீது.

சொன்னவனுக்கே சிரிப்பு வரவில்லை. பாயில் கிடந்தவள் அவன் மகள் ராபியா. எட்டு வயது. ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானம் இரண்டு மணிக்குக் குளிர் வந்து பிள்ளையைத் தூக்கிப் போடும் முறைக்காய்ச்சல் அது. நேற்று வந்தது நாலாவது முறை. கண் செருகிப் போய், பக்கத்திலிருந்த பெற்ற தாயைப் பார்த்து "நீங்க யாரு" என்று கேட்டுவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து ஹைருன் பீவி நகரவில்லை. மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பரீதைத் தனியே கூப்பிட்டு ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். நாளை மத்தியானம் வரப்போகிற ஐந்தாவது முறையைப் பிள்ளை தாங்காது. முறைக்காய்ச்சலை முறிக்கிற கொயினா மாத்திரை எட்டு வேண்டும். முதல் இரண்டு இன்று பொழுது சாய்வதற்குள் உள்ளே போக வேண்டும். கொடுக்க அவள் கையில் ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் 1943ஆம் வருஷத்துச் சித்திரையில் தென்காசித் தாலுகா முழுக்கக் கேட்ட கேள்வி. ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்ததும் கொயினா வரத்து நின்றுபோயிற்று. இருக்கிறதை ஒரே கையில் சேர்த்தால்தான் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கும் என்று மேலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆதம் ராவுத்தர் மருந்துக்கடை, மிஷன் ஆஸ்பத்திரி, வீரகேரளம்புதூர் வைத்தியசாலை என்று எங்கே எத்தனை மாத்திரை இருந்ததோ அத்தனையும் லாரியில் ஏறியது. அதையெல்லாம் வைத்துக் காக்கிற பொறுப்பு நெடுமலைக் கம்பெனிக்குக் கிடைத்தது. மலைமேல் தேயிலையும் ரப்பரும் போட்டிருக்கிற கம்பெனி. அவர்களிடம்தான் லாரி இருந்தது, பெட்ரோல் இருந்தது, சரக்கு அடுக்கக் கிட்டங்கி இருந்தது. அந்தக் கம்பெனி மானேஜர் ராவ்சாகிப் தெய்வசிகாமணியையே காய்ச்சல் கண்ட்ரோல் ஆபீசராகவும் சர்க்கார் நியமித்துவிட்டது. மருந்து வைத்திருப்பவனும் அவன், அதை யாருக்குக் கொடுப்பது என்று உத்தரவு போடுபவனும் அவன், கொடுக்கவில்லை என்று புகார் சொன்னால் விசாரிப்பவனும் அவன். மாப்பிள்ளையும் அவரே, மாமனாரும் அவரே, காஜியாரும் அவரே என்று பரீது அப்போது சொல்லி ரதவீதியே சிரித்தது.

மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் டிப்போ திறந்து, டோக்கன் கொடுத்து, தினம் ஆளுக்கொரு மாத்திரை தந்தார்கள். பழுப்பு நிறத்தில், கையால் உருட்டினது போல இருக்கும். யுத்தகாலச் சரக்கு, பார்வைக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். வாயில் வைத்தால் பிடரி வரைக்கும் கசந்தது. கசந்ததால் ஊர் நம்பியது. ராபியாவும் ஆறு நாளாக அதைத்தான் தின்றாள்.

நயினார் மடியிலிருந்து அப்படி ஒரு மாத்திரையை எடுத்து, ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் கரைத்து, பரீதை மோந்து பார்க்கச் சொன்னார்.

"புளியரையில நான் காய்ச்சலாக் கிடந்தப்ப பத்து நாளு கொயினா தின்னேன்வே. அசல் கொயினா வயித்துக்குள்ள போச்சுன்னா ரெண்டாம் நாளே காது இரைய ஆரம்பிச்சிரும். பக்கத்துல நிக்கவன் பேசுறது கேக்காது. இன்னைக்கு விடியுமுன்ன இந்தத் தெருவுல ஆரம்பிச்சு நாப்பத்திரண்டு வீட்டுல கேட்டுட்டேன். ஒருத்தருக்குக்கூடக் காது இரையலை."

கிண்ணத்தில் நிலவேம்பு வாசம் அடித்தது. அரிசிமாவு, கொஞ்சம் பிசின், நிலவேம்புச் சாறு. அவ்வளவுதான் அந்த மாத்திரை. கசப்பு இருந்தால் மருந்து இருக்கும் என்று ஒரு தாலுகா முழுதும் நம்பி ஏமாந்திருக்கிறது.

ஆறு நாளும் மகளின் மூக்கைப் பிடித்து வாயைத் திறக்கவைத்து அந்த உருண்டையைத் திணித்தவன் பரீதுதான். முதல்நாள் அவள் அழுதாள். இரண்டாம் நாள், "வாப்பா, தின்னா சரியாப் போயிருமா" என்று கேட்டாள். சரியாகிவிடும் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தான். இப்போது தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

"டிப்போவுக்கு டின் எங்கேருந்து வருது?" என்றார் நயினார்.

"குத்தாலத்துலருந்து. ஆபீசர் இருக்க பங்களாவுலருந்து. அவரு முத்திரை போட்டுத்தான் வருது."

"அப்ப அசலு அங்கன இருக்கணும், இல்லைன்னா அங்கனருந்து வித்துப் போயிருக்கணும். ரெண்டுல எதுன்னு பார்த்துட்டு வந்துருவோம். கிளம்பும்."

ஹைருன் பீவி அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "வெறுங்கையோட வந்துராதிய" என்றாள் புருஷனைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னாள்.

*

கரியில் ஓடுகிற பஸ் மேட்டைக் கண்டால் நின்றுவிடும். இரண்டு இடத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். டிக்கெட்டும் எடுத்து வண்டியையும் தள்ளுவதானால் டிரைவரை நடுவில் உட்காரவைத்து நாமே தூக்கிக்கொண்டு போய்விடலாமே என்று பரீது சொன்னான். சொல்லாமல் இருந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து அவன் சொன்னது அது. நயினாருக்கு அது தெரியும். அதனால் சிரித்து வைத்தார்.

சாரல் வர இன்னும் ஒன்றரை மாதம் கிடந்தது. குற்றாலத்தில் ஈ காக்கை இல்லை. சீசன் கடைகள் தட்டியை இறக்கிக் கட்டிக் கிடந்தன. குரங்குகளுக்குக்கூடத் திருட ஒன்றும் இல்லாமல் பாறைமேல் சோர்ந்து உட்கார்ந்திருந்தன. ஐந்தருவிக்குப் போகிற பாதையில் கம்பெனி பங்களா. கேட்டில் துப்பாக்கியோடு காவல்.

நயினார் காவல்காரனிடம் பேச்சுக் கொடுக்கப் போனார். ஊர்க்காரன் என்றால் எப்படியும் ஒரு வார்த்தை பிடுங்கிவிடலாம் என்று அவருக்கு நம்பிக்கை. பரீதை அருவிப் பக்கம் போய் யாராவது பங்களா ஆள் தட்டுப்படுகிறார்களா என்று பார்க்கச் சொன்னார்.

அங்கே ஒரு பெண்பிள்ளை தவலையை வைத்துக்கொண்டு நின்றாள். ஐந்து அருவியும் வற்றி, நடுப்பாறையின் இடுக்கில் மட்டும் நூல் பிடித்த மாதிரி தண்ணீர் ஒழுகியது. தவலை நிறைய ஒரு மணி நேரம் ஆகும். பேர் பிச்சம்மாள், பங்களாவில் சமையல் என்பதைத் தெரிந்துகொள்வதற்குள் பரீதுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. எதைக் கேட்டாலும் அவள் காதில் கையை வைத்தாள்.

"உரக்கச் சொல்லு தம்பி. இந்த அருவி இரைச்சல்ல ஒரு மண்ணும் கேக்க மாட்டேங்கு" என்றாள்.

பரீது பாறையை அண்ணாந்து பார்த்தான். ஒரு சிட்டுக்குருவி ஒழுகும் இடத்தில் அலகை வைத்துக் குடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே இரைச்சல் என்று ஒன்று இருந்தால் அது குருவி போட்டதாகத்தான் இருக்க வேண்டும். காது மந்தமான பொம்பிளையிடம் என்னத்தைக் கேட்பது என்று அலுத்துப்போய்த் திரும்பினான்.

காவல்காரன் வாயைத் திறக்காததால் நயினாரும் அதற்குள் திரும்பியிருந்தார். மூடிக் கிடந்த பணியாரக் கடைக்கு முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் பரீது ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, ஒரு கூத்தைக் கேளுங்க. அங்கன பங்களாச் சமையக்கார அக்கா ஒண்ணு நிக்கா. காஞ்சுபோன பாறைக்குக் கீழ நின்னுக்கிட்டு, அருவி இரைச்சல்ல காது..."

நயினாரைப் பார்த்தான். நயினாரும் அவனைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே மூச்சில் ஐந்தருவிப் பாறைக்கு ஓடினார்கள்.

பிச்சம்மாள் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது என்று அவளுக்குத் தெரியாது. பத்து நாளாக இரவும் பகலும் காதுக்குள் அருவி கொட்டுகிறது. தண்ணீர் இல்லாத அருவிக்கு இத்தனை சத்தம் ஏது என்று அவளுக்கும் யோசனைதான். மலைக்கு உள்ளே ஓடுகிறதோ என்று நினைத்துக்கொண்டாள். ஆமாம், மாத்திரை கொடுக்கிறார்கள். காலையில் சமையல்காரி, தோட்டக்காரன், நாயைப் பார்த்துக்கொள்கிறவன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி பட்லர் கொடுப்பான். வெள்ளையாக, தட்டையாக இருக்கும். முழுங்கின பிறகு வாயைத் திறந்து காட்ட வேண்டும். ஆபீசர் இருக்கிற இடத்தில் ஒருத்தருக்கும் காய்ச்சல் வரக்கூடாதாம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நயினார் கத்திக் கேட்டார். ஆபீஸ் அறையில் இரும்பு அலமாரி, அது நிறைய, என்றாள்.

தன் மகள் சங்கதியைப் பரீது சொன்னான். உரக்கக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மகள் சாகப்போகிறாள் என்பதை ஊர் கேட்கக் கத்திச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. பிச்சம்மாள் கண் கலங்கி, நாளைக் காலையில் வேண்டுமானால் நாக்குக்கு அடியில் ஒன்றை ஒதுக்கிப் பார்க்கிறேன் என்றாள். நாளைக் காலை வரைக்கும் பொறுக்க முடியாது. ஒன்றும் போதாது.

"சுவரேறிக் குதிச்சிரலாமா?" என்றான் பரீது.

"கள்ளன் வீடுன்னா சுவரேறலாம்வே. இது ஆபீசர் வீடு. முன்வாசல் வழியாத்தான் போவணும்."

நயினார் ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காவல்காரனிடம் கொடுத்து உள்ளே அனுப்பினார். எழுதியது ஒரே வரி: 'பங்களாவில் எல்லோருக்கும் காது இரைகிறது. தென்காசியில் ஒருவருக்கும் இரையவில்லை.'

ஐந்து நிமிஷத்தில் கேட் திறந்தது.

*

ராவ்சாகிப் தெய்வசிகாமணி பட்டணத்துக்காரர். மெல்லிய குரல், தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டை. தடித்த மீசையும் உருட்டுகிற கண்ணுமாக ஒருவனை எதிர்பார்த்துப் போன பரீதுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இரண்டு பேரையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். காபி வந்தது. நயினார் ஒரு விரலால்கூட அதைத் தொடவில்லை.

நயினார் தான் கண்டுபிடித்ததை வரிசையாகச் சொன்னார். நிலவேம்பு, பிசின், நாற்பத்திரண்டு வீடு, வற்றிய அருவி. கதை முடிகிற இடத்தில் குற்றவாளி வியர்த்து விறுவிறுத்து எழுந்திருப்பான். பரீது கதவை மறித்துக்கொண்டு நிற்பான். இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. பரீது பழக்கதோஷத்தில் எழுந்து கதவுப் பக்கம் போயும் நின்றுகொண்டான்.

தெய்வசிகாமணி எழுந்துபோய்த் தாமே அலமாரியைத் திறந்து காட்டினார். மேலிருந்து கீழ்வரை பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை மாத்திரை. சிலவற்றில் மிஷன் ஆஸ்பத்திரிச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

"திருட்டு என்று நினைத்து வந்திருக்கிறீர்கள். பாவம்" என்றார்.

மேசை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நயினாரிடம் நீட்டினார். கண்ட்ரோல் ஆபீசரின் உத்தரவு. கையிருப்புக் கொயினா போதாததால், யுத்தத்துக்கு வேண்டிய ரப்பர் உற்பத்தி செய்யும் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் அது ஒதுக்கப்படுகிறது. பொதுமக்களுக்கு மாற்று மருந்து வழங்கப்படும். கீழே கையெழுத்து தெய்வசிகாமணி. முகவரி: மானேஜர், நெடுமலைக் கம்பெனி. அதாவது, தமக்குத் தாமே எழுதிக்கொண்டது.

அவர் குரலை உயர்த்தாமல் விளக்கினார். மலையில் ஆள் படுத்தால் ரப்பர் நிற்கும். ரப்பர் நின்றால் தம்மை மாற்றிவிடுவார்கள். தென்காசியில் ஆள் படுத்தால் யாரும் தந்தி அடித்துக் கேட்கப் போவதில்லை. ஆனால் மருந்து இல்லை என்று சொன்னால் கலகம் வரும். கையில் ஏதாவது இருந்தால் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள், வரிசையில் நிற்கிறவர்கள் கல் எடுக்க மாட்டார்கள். இதில் சட்டவிரோதமாக ஒன்றுமே இல்லை.

"வேண்டுமானால் புகார் எழுதுங்கள். தாராளமாக எழுதலாம். அது கண்ட்ரோல் ஆபீசர் மேசைக்குத்தான் வரும்" என்று தம் மேசையைத் தட்டினார்.

பரீது நயினாரைப் பார்த்தான். அவர் அந்தக் காகிதத்தை முதலிலிருந்து மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார். திருடனைப் பிடிக்க வந்தார்கள். திருட்டே உத்தரவாக இருந்தது. கதவை மறித்து நின்றதை நினைத்து பரீதுக்கு வெட்கமாகப் போயிற்று. நகர்ந்து வந்து மேசைக்கு முன்னால் நின்றான்.

"அய்யா, எம் மவளுக்கு எட்டு வயசு. எட்டே எட்டு மாத்திரை. அதுக்கு என்ன செய்யணும்னாலும் செய்யுதேன்" என்றான்.

தெய்வசிகாமணி ஒரு பாட்டிலைத் திறந்து எட்டை எண்ணி ஒரு காகிதத்தில் மடித்தார். மடித்ததை மேசைமேல் தம் பக்கமே வைத்துக்கொண்டார். அதற்குப் பக்கத்தில் இன்னொரு காகிதத்தை வைத்தார். பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தார். ராயகிரியில் டிப்போமேல் கல் விழுந்திருக்கிறது, வீரகேரளம்புதூரில் டோக்கன் கொடுக்கப் போன சேவகனை விரட்டியிருக்கிறார்கள். முணுமுணுப்பு கூடிவருகிறது. சர்க்கார் சொன்னால் ஜனங்கள் நம்புவதில்லை. ஆனால் துப்பு நயினார் சொன்னால் நம்புவார்கள். டிப்போ மாத்திரையைத் தாம் சோதித்துப் பார்த்ததாகவும், அது அசல் கொயினா என்றும் நயினார் கையெழுத்துப் போட வேண்டும். அது ஊர் ஊராக ஒட்டி முடிகிற வரைக்கும் நாலு நாள் அவர் பங்களாவிலேயே விருந்தாளியாக இருக்க வேண்டும். பரீது மருந்தோடு போகலாம்.

"ஊருக்குள் வேறு கதை ஏதாவது கிளம்பினால், யுத்தகாலத்தில் வதந்தி பரப்பினவர் என்று இவரைத்தான் நான் நினைக்க வேண்டிவரும். இரண்டு வருஷம் ஜெயில். விசாரணை கிடையாது" என்றார், மிக மரியாதையாக.

வேண்டாம் அண்ணாச்சி என்று பரீது சொல்ல வேண்டும். நயினாரின் கையெழுத்து எப்பேர்ப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். மேலதிகாரியின் மைத்துனனுக்காகப் பொய்ச் சாட்சி சொல்ல மறுத்ததால் உத்தியோகம் போய், அதனாலேயே கல்யாணமும் நின்றுபோன மனிதர். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். மேசைமேல் இருந்த பொட்டலம் கண்ணில் பட்டது. சத்தம் வரவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை அவன் சாகிறவரைக்கும் மன்னித்துக்கொள்ளப் போவதில்லை.

நயினார் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையெழுத்தைப் போட்டார். பொட்டலத்தை எடுத்துப் பரீது கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"வே பரீது, ஊருக்குப் போயி எப்பவும் போல வாயை மூடாமப் பேசிக்கிட்டிரும். நீரு சும்மா இருந்தீருன்னா சனம் என்னமோ ஏதோன்னு நினைக்கும்."

தெய்வசிகாமணி அதை ஆமோதித்துத் தலையாட்டினார். எல்லாம் வழக்கம்போல் நடப்பதாக ஜனங்கள் நினைப்பதுதான் அவருக்கும் வேண்டும். நயினார் சொன்னதில் இருந்த கட்டளை என்ன என்று பரீதுக்கு கேட் தாண்டின பிறகுதான் உறைத்தது. பேசு என்கிறார். தன்னை உள்ளே தள்ளினாலும் பரவாயில்லை, பேசு என்கிறார்.

*

சாயங்காலம்தான் அடுத்த பஸ். பரீது ஓட்டமும் நடையுமாகத் தென்காசிக்குத் திரும்பினான். மூன்று மைல். பாதி வழியில் கம்பெனி கார் அவனைத் தாண்டிப் போயிற்று. அடங்கவே மாட்டேன் என்று ஒரே புழுதி. பின்சீட்டில் பசை வாளி இருந்தது. நயினாரின் கையெழுத்து அவனுக்கு முன்னால் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் வீடு, மகள், மாத்திரை. அதன் பிறகு ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்து, எப்படிச் சொல்வது என்று முடிவு பண்ணிக்கொள்ளலாம். வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தான். ஆனால் வீட்டுக்குப் போக டிப்போவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வரிசை கோபுரத்தைச் சுற்றி வளைந்து நின்றது. காலையில் இருந்ததைப் போல மூன்று மடங்கு. சுவரில் ஈரம் காயாத நோட்டீஸ். டிப்போ குமாஸ்தா அதைச் சத்தம் போட்டு வாசிக்க, "நயினார் அண்ணாச்சியே சொல்லிட்டாவ" என்று ஆளுக்கு ஆள் சொல்லி ஆறுதல்பட்டுக்கொண்டார்கள். ஆறு நாளாக மாத்திரையைத் துப்பினவர்களெல்லாம் திரும்ப வந்திருந்தார்கள்.

ஓரத்தில் குத்தவைத்திருந்தாள் குருவம்மாள். பரீது தெருவுக்கு அடுத்த தெரு. புருஷன் பட்டாளத்துக்குப் போய்விட்டான். பத்து மாதப் பிள்ளை மடியில் அனலாகக் கிடந்தது. பழுப்பு உருண்டையைப் பாலில் குழைத்து விரலில் எடுத்தவள் பரீதைக் கண்டதும் நிறுத்தினாள்.

"நீங்க அவுககூடவே இருக்கவுகல்லா அண்ணே. இதைப் பச்சப்புள்ளைக்குக் கொடுக்கலாமா?"

கொடு தாயி என்று சொல்லிவிட்டு நடந்திருந்தால் நயினாருக்கு ஆபத்தில்லை. பரீதின் கால் நடக்கத்தான் பார்த்தது. ஆனால் ஆறு நாளாக மகளின் வாயில் உருண்டையைத் திணித்த அதே விரல் அவன் கண்ணுக்கு முன்னால் இருந்தது, குருவம்மாளின் கையில்.

"கொடுக்காத" என்றான். பிறகு வரிசையைப் பார்த்து உரக்கச் சொன்னான். "ஒருத்தரும் தின்னாதிய. இது மருந்து இல்ல, நிலவேம்பும் மாவும். அசலு குத்தாலத்துல ஆபீசர் அலமாரியில பூட்டிக் கிடக்கு. நயினார் அண்ணாச்சி போட்டது பொய்க் கையெழுத்து. எனக்காகப் போட்டாவ."

வரிசை ஒரு விநாடி அவனைப் பார்த்தது. பிறகு சிரித்தது.

பரீது ஆரம்பித்துவிட்டான் என்றார் ஒருவர். நயினார் பொய்க் கையெழுத்துப் போட்டாராம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். காய்ச்சலோடு நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது அவர்களுக்கு. குமாஸ்தாவும் சிரித்தான். அந்த ஊரில் பரீது சொல்லி யாரும் சிரிக்காமல் இருந்ததே கிடையாது. இன்று அவன் அழுதுகொண்டு சொன்னான். அதையும் ஒரு நடிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

குருவம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையில என்ன அண்ணே?"

பரீது பொட்டலத்தை விரித்தான். உச்சி வெயிலில் எட்டு வெள்ளை மாத்திரையும் கண்ணைக் கூசவைத்தன. குருவம்மாள் தன் உள்ளங்கையில் இருந்த பழுப்பு உருண்டையை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவரும் பார்த்தார். சிரிப்பு வரிசையின் முன்னாலிருந்து பின்பக்கமாக நின்றுகொண்டே போயிற்று. குமாஸ்தா ஜன்னலைச் சாத்தினான்.

இனி அவள் கேட்பாள் என்று பரீதுக்குத் தெரியும். ஒன்று கொடு என்பாள். ஒன்றைக் கொடுத்தால் அடுத்தவருக்கு எப்படி இல்லை என்பது. கொடுக்காமல் இருந்தால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது.

"ராபியாவுக்கு எத்தனை வேணும்னு டாக்டரம்மா சொன்னாவ?" என்று கேட்டாள்.

"எட்டு."

"இதுல எத்தனை இருக்கு?"

"எட்டு."

அவள் அந்த எட்டையும் ஒருமுறை பார்த்தாள். வேண்டாமென்று சொல்லவும் அவளுக்கு மனசு இல்லை, கேட்கவும் இல்லை. பழுப்பு உருண்டையைத் தரையில் போட்டுவிட்டு, அவன் விரல்களைப் பிடித்து மூடினாள். அவள் கை பிள்ளையின் காய்ச்சலோடு சுட்டது.

"அப்ப ஓடுங்க" என்றாள். "நயினார் அண்ணாச்சி எங்கன?"

"பங்களாவுல. பிடிச்சு வச்சிருக்காவ."

குருவம்மாள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். டோக்கனை நோட்டீசின் ஈரப் பசையில் ஒட்டினாள். முதலில் அவள் நடந்தாள். அதன் பிறகு இரண்டு பேர். அதன் பிறகு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியவர்கள், நடுங்கியவர்களைத் தாங்கிப் பிடித்தவர்கள் என்று வரிசை மொத்தமும் திரும்பிற்று. துப்பாக்கி வைத்த கேட் அது என்று பரீது கத்தினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. பரீது பொட்டலத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கிழக்கே தன் வீட்டைப் பார்த்து ஓடினான். அவன் முதுகுக்குப் பின்னால் குருவம்மாள் பிள்ளையின் அழுகை குற்றாலம் ரோட்டில் மேற்கே போய்க்கொண்டிருந்தது.